திரை வேண்டாத ஜன்னல்

எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னலில் நான் தைத்த திரைதான் தொங்கும். தங்கையின் புது வீட்டுக்கும் நானே தைப்பதாகத்தான் பேச்சு. துணிகூட எடுத்து வைத்துவிட்டேன். கடைசி நேரத்தில் அவள் வீட்டுக்காரர், கண்ணாடி மாட்டும் தொழில் செய்பவர், கரன்ட்டில் நிறம் மாறும் கண்ணாடியாகப் பொருத்திவிட்டார். இனி திரையே வேண்டாமாம்.

வயிறு எரியாதா? நேரில் போய்ப் பார்த்தேன், இன்னும் எரிந்தது. அவர் போனில் தட்டினால் ஹால் ஜன்னல் நீலமாகிறது. இன்னொரு தட்டு, படுக்கையறை ஜன்னல் பால்வெள்ளையாகி மூடிக்கொள்கிறது. பெருமை பீற்றிவிட்டு அவர் வெளியே கிளம்பினார்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து தலை வாரினாள். என் பழைய பாவாடையைப் போட்டு வளர்ந்தவள், இன்றைக்கு மகாராணி!

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. எனக்கு உள்ளே ஒரே குஷி.

"போச்சா! இனிமே தெருவே உன்னை வேடிக்கை பார்க்கும்."

பாழாய்ப்போன கண்ணாடி வெள்ளையாகவே நின்றது. கரன்ட் இருந்தால்தான் தெளியுமாம். இதிலும் அவளுக்கே அதிர்ஷ்டம்.

"கரன்ட் இல்லாதப்பதான்க்கா எனக்கு நிம்மதி," என்றாள்.

"கொழுப்புடி உனக்கு."

"சுவிட்ச் அவரு போன்லதான் இருக்கு. கண்ணாடி வாங்க வர்றவங்களைத் தெருவுல நிறுத்தி இந்த ஜன்னலைத்தான் காட்டுறாரு. நேத்து நான் புடவை மாத்திட்டிருந்தேன்."

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். அவங்க கண்ணாடியைத்தான் பார்க்குறாங்க, உன்னை யாரு பார்க்குறாங்கன்னு கேக்குறாரு." சீப்பில் சிக்கிய முடியை உருவிக்கொண்டே கேட்டாள். "அக்கா, அந்தத் துணி இன்னும் இருக்கா?"

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஸ்டூலில் ஏறினேன். ஆசைப்பட்ட வேலை கைக்கு வந்தும் சந்தோஷம் வரவில்லை.

கரன்ட் வந்தது. கண்ணாடி சட்டென்று தெளிந்தது. கீழே தெருவில் மாப்பிள்ளை, கையில் போன், பக்கத்தில் யாரோ இரண்டு பேர், மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி. தங்கை அலமாரி ஓரமாக ஒடுங்கினாள். கட்டில் போர்வையை இழுத்து ஜன்னல் முழுக்க விரித்துப் பிடித்தேன்.

அவள் போன் அடித்தது.

"போர்வையை எடுக்கச் சொல்றாருக்கா."

"நீ என்னடி சொல்றே?"

போனைக் கட்டிலில் போட்டாள். "கையை இறக்கிடாதக்கா."