மாட்டுக் கொட்டகைக்கு மேலே பறந்தது

புக்கிட் பெலண்டோக் பக்கம் நாங்கள் குடியிருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். இங்கே மாடு வளர்க்கக் கூடாது என்று நிர்வாகம் கடிதம் கொடுத்தபோது, "எல்லாத்தையும் வித்தாச்சுங்க" என்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியிடம் கூசாமல் பொய் சொன்னேன். மூன்று பசுக்களையும் கோயிலுக்குப் பின்னால் பள்ளத்தில் கொட்டகை போட்டு ஒளித்து வைத்தேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்காரர் போன பிறகு அந்தப் பால்தான் எனக்குச் சோறு போட்டது.

அப்புறம்தான் அந்தச் சனியன் வந்தது. காலையில் கறக்க உட்கார்ந்தால் தலைக்கு மேல் டிரோன் இரைகிறது. மருந்தடிக்கிற டிரோன் என்றார்கள். மருந்தடிப்பது மரத்துக்கு மேல் அல்லவா சுற்ற வேண்டும்? என் கொட்டகைக்கு மேல் அதற்கு என்ன வேலை? பக்கத்து வீட்டுக்காரிதான் போட்டுக் கொடுத்திருப்பாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்தினேன். சாணி அள்ளும்போதும் முக்காடு போட்டுக்கொண்டேன். மாட்டுக்கு முக்காடு போட முடியுமா?

பொறுக்க முடியாமல் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். நல்லவேளை, தமிழ் பேசுகிற நம் ஆள் ஒருவர் இருந்தார்.

"அம்மா, தோட்டத்து டிரோனுக்குப் பெர்மிட் இருக்குலா. பெர்மிட் இல்லாம எவனாச்சும் விட்டா சொல்லுங்க, பிடிச்சிடலாம்."

"நான் குளிக்கிறதப் படம் புடிச்சா?"

"புடிச்சாங்களா?"

"யாரு கண்டா?"

"யாரு கண்டான்னா நான் என்னத்த எழுதுறது?"

பறப்பதற்குச் சட்டம் இருக்கிறதாம். அது எதைப் பார்த்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? எரிச்சலோடு திரும்பினேன்.

மறுவாரம் கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு படத்தை நீட்டினார். மேலிருந்து எடுத்தது. என் மூன்று பசுக்களும் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலையோடு நின்றன.

"உங்க டிரோன் எடுத்ததுதானே? இருங்க, ரிப்போட் பண்றேன்!" என்று கத்தினேன்.

"எங்களுது மருந்து மட்டுந்தான் அடிக்கும்க்கா. இது உங்க கோயில் பேஸ்புக்குல இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கோயில் கமிட்டி ராசா டவுனிலிருந்து ஒரு படக்காரரை டிரோனோடு வரவழைத்திருந்தது. பெர்மிட்டா? அதை யார் கேட்டார்கள்? ஒளித்து வைத்த மாடு என்றாலும் அன்றைக்குப் படைக்காமல் விட்டால் பாவம் என்று, கொட்டகையிலேயே பொங்கல் வைத்திருந்தேன். அந்தப் படக்காரரைப் பள்ளத்துக்குக் கூட்டி வந்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் கீழ எறக்குப்பா, மாட்டு மூஞ்சி தெரியட்டும்" என்று கெஞ்சியவளும் நான்தான்.

"ரிப்போட் பண்றதுன்னா பண்ணுங்கக்கா," என்றார் கிராணி. "பெர்மிட் இல்லாம பறந்தது இதுதான்."

கோயிலை மாட்டிவிட்டு நான் யார் முகத்தில் விழிப்பது? மாடுகளை விற்றுவிடுகிறேன் என்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை லோரி வந்தது. இரண்டு பசுக்கள் ஏறிவிட்டன. சின்னது மட்டும் அந்த ஆட்களுக்கு அடங்காமல் என்னிடமே ஓடி வந்தது. கழுத்தைத் தடவிக் கொடுத்து, நானே ஏற்றிவிட்டேன்.