ஏரிக்கரை மனையும் கம்ப்யூட்டரில் தட்டிய சைபரும்

எங்கள் மனைக்கு வீடு வரைந்த எஞ்சினியர் பொய் சொல்கிறார். மனையைப் பற்றிய எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டதாக அதே ஏரிக்கரையில் மனை வாங்கிய நாற்பது பேர் முன்னால் சொன்னார். நான்கு மாதம் நம்பினேன். பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன்.

1994 செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6.50-க்குச் சைதாப்பேட்டையில் மின்சார ரயில். பல்லாவரத்தில்தான் உட்கார இடம் கிடைத்தது. வரைபடத்தை விரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல போட்டதா சார்?"

"ஆமாம். அளவு, சரிவு, காத்து, வெயில் எல்லாம் கொடுத்தா அதுவே முப்பது பிளான் போடுமாம். மனைக்கு எது பொருந்துதோ அதையும் அதுவே எடுத்துக் கொடுக்குமாம்."

"குடியிருக்கப் போறதும் அதுதானா?" என்று கேட்டுவிட்டு அவர் குரோம்பேட்டையில் இறங்கிப் போனார்.

7.25-க்குத் தாம்பரம். அங்கிருந்து பஸ். பீர்க்கன்கரணையில் இறங்கி ஏரிப் பக்கம் இருபது நிமிட நடை. எங்களுடையது கடைசி மனை. மண் வெடித்துக் கிடந்தது. செங்கல் வந்து இறங்கியிருந்தது. புதன்கிழமை அஸ்திவாரம் தோண்ட வேண்டும். மேஸ்திரி ஆரோக்கியம் காத்திருந்தார். படுக்கையறை தாழ்ந்த மூலையில் வருகிறது, அங்கேதான் காற்று என்று கம்ப்யூட்டர் எடுத்த முடிவு என்றேன்.

"காத்து வரும் சார். கூடவே தண்ணியும் வரும்."

பக்கத்து மோட்டார் ரூம் சுவரைக் காட்டினார். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு தார்க்கோடு. மேல்கோடு என் மார்புக்கு வந்தது. வரைபடத்தில் வீட்டுத் தளம் தரையிலிருந்து இரண்டே அடி.

"இந்தக் கோட்டுக்கு மேல ஒரு ஜாண் ஏத்திதான் இங்க தளம் போடுவோம்."

"எஞ்சினியர்கிட்ட இதைச் சொல்லலையா?"

"அவரு எங்க சார் வந்தாரு? மே மாசம் ரெண்டு பேரு டேப் புடிக்க வந்தாங்கோ. செவுத்துல கோடு கீது, பாருங்கன்னேன். பேஜார் பண்ணாத, மெஷின் பாத்துக்கும்னு சொல்லிட்டுப் பூட்டாங்கோ."

வரைபடத்தின் ஓரத்தில், கம்ப்யூட்டருக்குக் கொடுத்த விவரங்கள் பொடி எழுத்தில் இருந்தன. தண்ணீர் நிற்கும் உயரம் என்ற இடத்தில் சைபர்.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சைதாப்பேட்டையில் ஆற்றோரம்தான் வாடகைக்கு இருக்கிறோம். தண்ணீர் வந்தால் வீட்டுக்காரர் தன் மாடிக்கு ஏறச் சொல்வார். அந்த வரைபடத்தில் ஏறி நிற்க மாடியும் இல்லை.

கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்ததை வைத்துத்தான் அது வரைந்தது. எஞ்சினியரே, வரும் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் அந்த மோட்டார் ரூம் பக்கத்தில் கூடுகிறோம். அந்தச் சுவரின் முன்னால் வந்து நின்று, சைபரைத் தட்டியது யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.