இனாம் ஐஸ்

குளுவாங் சந்தையில் தண்ணீர்க் கடைக்காரர் ஐஸ் அரைக்கும் இயந்திரத்தைப் போட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாகியும் அந்தக் கரகர சத்தத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பா பொந்தியான் பக்கம் சின்னப் படகில் மீன் பிடித்தார். படகுத்துறை முதலாளி ஐஸை இனாமாகத் தருவான். அதற்காக மீனை அவனுக்குத்தான், அவன் சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். இனாமாம்!

ஒருநாள் அப்பா ஒரு கூடை மீனைத் தங்காக்கிலிருந்து வந்த வியாபாரிக்கு விற்றுவிட்டார். மறுநாள் மீன்பெட்டியோடு ஐஸுக்குப் போய் நின்றோம். தன் முதுகுக்குப் பின்னால் இயந்திரம் ஐஸ் அரைத்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி, "ஐஸ் முடிஞ்சு போச்சு லா" என்றான்.

மத்தியானத்துக்குள் மீன் நாறிவிட்டது. அம்மா அதைக் குழி தோண்டிப் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டே அப்பாவிடம், "செத்ததுக்குத்தானே அவன் ஐஸ் வேணும்? உயிரோட இருக்கறத பிடிங்க" என்றார்.

அப்பா அலையாத்திக் காட்டில் நண்டுக்கூண்டு போட ஆரம்பித்தார். அம்மா நண்டுகளின் கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கில் போட்டு, பஸ் ஏறி இதே சந்தைக்கு வருவார். சாக்கு நெளிவதைப் பார்த்து யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அடுத்த மழைக்கு முன்பே எங்கள் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. முதலாளி வீடு தேடி ஐஸ் அனுப்பினான். அம்மா அதை வாசலிலேயே உருக விட்டார்.

இப்போது தண்ணீர்க் கடைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, "எலுமிச்சைத் தண்ணிக்கு ஐஸ் போடவாம்மா?" என்றார்.

"வேணாம்பா. நான் இன்னும் சாகல."