அக்காவின் இடது கன்னம்

வேதியியலில் பட்டம் வாங்கி, திருத்தணியிலேயே பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் அதிகம். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்குவேன். எழுபதுகளின் பிற்பகுதி அது.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவள். அதனால்தான் நான் கல்லூரிக்குப் போக முடிந்தது. ஒருநாள் அவள் மலையடிவாரக் கடையிலிருந்து ஒரு கிரீம் டப்பா வாங்கி வந்தாள். வைட்டமினும் ஹார்மோனும் கலந்ததாம், ஆறே வாரத்தில் சுருக்கம் மறையுமாம், விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்களாம். எந்த விஞ்ஞானி, யார் முகத்தில் நிரூபித்தார் என்று ஒரு வரி கிடையாது.

"நாமே சோதிச்சுப் பாத்துடலாம்க்கா. வலது கன்னத்துக்கு மட்டும் போடு. இடது பக்கம் ஒண்ணும் போடாதே."

"ஆங், நீ சொல்ற மாதிரியே பண்றேன்."

ஆறு வாரம் கழித்து அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கண்ணோரம் கோடு கோடாக இருந்தது. எனக்கே ஆச்சரியம். கிரீம் வேலை செய்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெகுநாள் கழித்து வந்த வரன். "இன்னும் ஆறு வாரம் பொறுத்துக்கோ, இடது பக்கமும் சரியாயிடும்" என்றேன். அக்கா அதை நம்பி, நைனாவிடம் சொல்லி அவர்களைத் தள்ளி வரச் சொன்னாள்.

மூன்று வாரம் போயிருக்கும். காலையில் நைனாவுக்குக் காபி கொடுக்கத் தறியடிக்குப் போனேன். கிழக்கு ஜன்னல் வெயில் அவர் இடது கன்னத்தில் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்கச் சுருக்கம். வலது பக்கம் அவ்வளவு இல்லை. நைனா எந்தக் கிரீமைக் கண்டார்? எங்கள் இரண்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக, உட்கார்ந்தால் இடது கன்னம் ஜன்னல் பக்கம் வரும்படிதான் இருந்தன. பதினேழு வருஷமாக அக்கா முகத்தில் விழுந்ததும் அதே வெயில்தான்.

சோதனை தொடங்கும் முன்னால் அவளுடைய இரண்டு கன்னத்தையும் நான் ஒருமுறைகூடப் பார்த்து வைக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் இப்படிச் செய்திருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தகவல் வந்தது: மாப்பிள்ளைக்குக் கே.ஜி.கண்டிகையில் பெண் முடிவாகிவிட்டது. நாங்கள் தட்டிக் கழிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அன்று சாயங்காலம் தறியருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள் நெய்வதை நிறுத்தவில்லை.

"ஜன்னல் பக்கம் எனக்கு எப்பவும் அப்படித்தான்டி. தெனம் கண்ணாடி பாக்கறவ, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"நீ கேக்கவேயில்லையே. படிச்சவ சொல்றா, நமக்கு இன்னா தெரியும்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."