விரிசலில் ஒட்டிய காகிதம்

என் மாமனாரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மில் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைச் சோதித்தே தலை நரைத்தவர். மில்லை மூடியதும் அவர் சோதிக்க மிஞ்சியது நான்தான். அதே மில்லில் வேலை போய், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தவன்.

வேலையில்லாதவர்களுக்காக அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும்.

"சும்மா கூப்பிட்டு யாராவது கூலி குடுப்பானா, மாப்பிள்ளை? வடிஞ்ச நிலம் எவன் கைக்குப் போகுதுன்னு பாருங்க" என்றார். ஆனாலும் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. அந்தக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

சில மாதத்தில் வாசற்கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. பிறகு கதவுக்கு மேலே சுவரில் விரிசல் விட்டது.

"நீங்கதான் அறைஞ்சு சாத்துறீங்க."

"நான் மெதுவாத்தான் சாத்துறேன், மாமா."

நம்புவாரா? கடைசியில் மில் புத்தியைக் காட்டினார். அங்கே கிடங்குக் கதவில் சீல் ஒட்டுவதுபோல, உள்பக்கம் விரிசலின் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டினார். கதவை அறைந்தால் அது கிழிந்து என்னைக் காட்டிக்கொடுக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் கொழுந்தியாள் வீட்டுக்குப் போனோம். கதவைப் பூட்டி, ஜன்னல் வழியே காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். திரும்பி வந்ததும், பூட்டைத் திறக்குமுன் மறுபடி எட்டிப் பார்த்தார். காகிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது.

யாரையும் திட்டவில்லை. நேரே கொல்லைக்குப் போனார். எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் மண் காய்ந்து வெடித்திருந்தது. பின்வாசல் படிக்கும் தரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. அதற்கப்பால் நாங்கள் வெட்டிய வாய்க்கால்.

"தண்ணி வடிய வடிய மண்ணு இறங்குது. வீடும் கூடவே இறங்குது" என்றார்.

"மேஸ்திரிகிட்ட சொல்லிடலாம், மாமா."

"வேலைய நிறுத்திடுவாங்க. அப்புறம் என்னத்தைத் திங்கிறது?"



மறுநாள் எங்களோடு மண் அள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் கிட்டே வந்தார். "அண்ணே, எங்க வீட்டுக் கதவு சாத்தவே மாட்டேங்குது. சுவர் வேற விரிசல் விட்டுப்போச்சு. உங்க வீட்டுல எப்படி?"

"எங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்க புள்ளைங்க அறைஞ்சு சாத்தும், கவனிங்க" என்றார் மாமனார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் பிள்ளைகள் அடிவாங்கி அழுதார்கள். அந்தச் சுவரோரம்தான் அவர்கள் படுப்பது. மாமனார் சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்ச் சொல்லிவிடுவேனோ என்று சந்தேகம். என்னைப் பற்றி அவர் பட்ட சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி.