குழந்தையும் பூனையும் வீடு மாறிய சனிக்கிழமை

கணியம்பாடிப் பெண்கள் பள்ளிக்கு என்னை மாற்றிய உத்தரவு ஒரு திங்கட்கிழமை கைக்கு வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை அங்கே வேலையில் சேர வேண்டும். மேல்விஷாரத்தில் ஆறு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்ய ஐந்து நாள் இருந்தது. எனக்கு அது போதும். அன்றைக்கே நாட்குறிப்பின் பின்பக்கத்தில் சாமான்களை வரிசையாக எழுதி, எதை முதலில் கட்டுவது, எதைக் கடைசி வரை வெளியே வைத்திருப்பது என்று எண் போட்டேன். அம்மி முதல் எண். அரிக்கேன் விளக்கு முப்பது. முப்பத்தொன்று, பூனை.

அந்தப் பூனை எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தோல் கிடங்கில் பிறந்தது. தோல் பதப்படுத்த வரும் ஆவாரம்பட்டை மூட்டைகளின்மேல் பகலெல்லாம் தூங்கும். சாப்பாட்டு வேளைக்கு எங்கள் பின்கட்டுக்கு வந்துவிடும். குழந்தை தன் தட்டிலிருந்து முதல் பிடியை அதற்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள்.

பூனையை விட்டுவிட்டுப் போகச் சொல்லாதவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள், தோல் மண்டியில் தரம் பிரிப்பவரின் மனைவி, தினம் ஒரு முறையாவது சொன்னாள்.

"எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க டீச்சரம்மா. பூனை வூட்டோட சேத்தி, மனுசங்களோட இல்ல. இட்டுக்கினு போனா அங்க ஒரு நாள் கூட நிக்காது. பேஜாருதான் மிச்சம்."

எனக்குப் பூனைமேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. நான் அதைக் கொண்டுபோகத் தீர்மானித்தது குழந்தைக்காக. அவள் என் தங்கை மகள். தங்கை இறந்து, அவள் கணவர் மறுமணம் செய்துகொண்ட பிறகு, நான்தான் போய் அவளை அழைத்து வந்தேன். அப்போது அவளுக்கு நான்கு வயது. வண்டியில் ஏறமாட்டேன் என்று நிலைக்காலைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டே நாள் கண்ணு, திரும்பக் கொண்டுவந்து விட்டுடறேன்" என்று சொன்னேன். கையை விட்டாள். வண்டி கிளம்பியது.

இரண்டு நாள் கழித்து, எப்போது போகிறோம் என்று கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதோடு என் வார்த்தையை நம்புவதையும் நிறுத்திவிட்டாள். சாதம் ஆறிவிட்டது என்று நான் சொன்னால், விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் உண்பாள். மழை விட்டுவிட்டது என்றால், வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் நம்பும் என் பேச்சை வீட்டில் ஒருத்தி நம்பாமல் ஒரு வருஷம் ஓடியிருந்தது. இந்த முறை வண்டியில் ஏறும்போது அவளிடமிருந்து ஒன்றும் பிடுங்கப்படக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

பூனையைக் கொண்டுபோகும் வழியையும் முன்கூட்டியே யோசித்து வைத்தேன். வெள்ளி இரவு வழக்கம்போல் சோறு, சனி காலை ஒன்றுமில்லை. வண்டியில் வாந்தி எடுக்காது. அது படுத்துப் பழகிய ஆவாரம்பட்டைக் கோணியையே கிடங்கில் கேட்டு வாங்கினேன். வாசனை பழகினது என்பதால் உள்ளே போட்டுக் கட்டினால் பயப்படாது. போய்ச் சேர்ந்ததும் ஓர் அறையில் கதவைச் சாத்தி எட்டு நாள். எதையும் விட்டுவைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வண்டி வந்தது. ஏழரைக்குள் இருபத்தெட்டு உருப்படிகள் ஏறிவிட்டன. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பூனையைப் பிடித்துக் கோணியில் போட்டுக் கயிறு கட்டிப் பின்கட்டில் வைத்தேன். அது கத்தக்கூட இல்லை. உள்ளே போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவதற்குள் கோணி தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை நின்றாள்.

"யார் அவுத்தது?"

"நான்தான்."

"ஏன்?"

"ஆத்துக்குக் கொண்டு போறியா?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்று வாரத்துக்கு முன்பு கிடங்கு ஆட்கள் நான்கு பூனைக்குட்டிகளை இதே மாதிரிக் கோணியில் கட்டிப் பாலாற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையை அப்படித்தான் ஒழிப்பது வழக்கம். வழி தெரியாமலிருக்கக் கோணி, திரும்பி வராமலிருக்க ஆறு. ஆற்றில் வருஷத்தில் பத்து மாதம் மணல்தான் ஓடுகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கோணி தூக்கப்பட்டதை அவள் பின்கட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். நான் பூனையின் மூக்கை நினைத்துத் திட்டம் போட்டேன். குழந்தையின் கண்ணை நினைக்கவில்லை.

வண்டிக்காரர் பின்கட்டுக்கே வந்துவிட்டார். "ஓடிப் போச்சா? நல்லதாப் போச்சும்மா. காலைல அது மூஞ்சில முழிச்சாலே காரியம் வெளங்காது. இது வழி பூரா வண்டியிலயே வருதாம்!"

"உன் மூஞ்சில முழிச்சிட்டு அது இன்னா பாடு படுதோ, அத்த யாரு கேட்டாங்க?" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். பிறகு என்னை ஒரு பக்கமாக அழைத்துக் குரலைத் தணித்தாள். "நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்னு சொல்லிடுங்க டீச்சரம்மா. கொழந்தைதானே, ரெண்டு நாள்ல மறந்துடும்."

இரண்டு நாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நானும் ஒரு காலத்தில் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

குழந்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"போன வருஷம் ரெண்டு நாள்னு சொன்னேன் இல்ல? அது பொய். அப்பவே எனக்குத் தெரியும். உன்னை வண்டில ஏத்தறதுக்காகச் சொன்னேன். அது தப்பு."

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ நாம ஆத்துக்குப் போகலை. கணியம்பாடிக்குப் போறோம். அங்கேயே இருக்கப் போறோம், இங்கே திரும்பி வரமாட்டோம். பூனை வராம வண்டி கிளம்பாது."

"அது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். "கோணி வேணாம்."

"சரி. வேண்டாம்."

பக்கத்து வீட்டு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டே போய்த் தன் கோழிக்கூடையைக் கொண்டுவந்தாள். கவிழ்த்தால் இடுக்கு வழியாக உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும். அடிப்பக்கத்துக்கு என் முறத்தைக் கொடுத்து, கூடையை அதன்மேல் கவிழ்த்து, நான்கு இடத்தில் கயிறு கட்ட ஏற்பாடு செய்தேன். குழந்தையும் கூடையும் அருகருகே இருக்க வண்டியில் இடம் வேண்டும். என் எழுதும் மேஜையை இறக்கச் சொன்னேன். அது பத்தாவது எண். இன்னொரு வண்டி வரும்வரை நாட்குறிப்பை மடியில் வைத்து எழுதிக்கொள்ளலாம்.

"மேஜைய எறக்கிட்டுப் பூனைய ஏத்தறாங்க" என்று வண்டிக்காரர் மாடுகளிடம் முறையிட்டார். "சீக்கிரம் புடிங்கம்மா. ஒம்பதுக்கு ராகு காலம். அதுக்குள்ள கெளம்பலன்னா பத்தரை வரைக்கும் மாட்டைப் பூட்டமாட்டேன், சொல்லிட்டேன்."

ஒன்பதுக்குள் பிடிக்க முடியவில்லை. கிடங்கில் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பூனை இரண்டு அடுக்குக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு, பெரியவர்கள் யார் பக்கத்தில் போனாலும் இன்னும் உள்ளே நகர்ந்தது. குழந்தை ஒருத்திதான் அந்த இடுக்கில் நுழைய முடியும். பக்கத்து வீட்டு அம்மாள் சுட்ட கருவாட்டுத் துண்டை அவள் கையில் கொடுத்தாள். நான் வெளியே நின்றேன். பட்டைத் தூசியில் அவள் இருமுவது கேட்டது. "ஆத்துக்கு இல்ல, ஆத்துக்கு இல்ல" என்று அவள் அதனிடம் சொல்வதும் கேட்டது. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, தலையெல்லாம் தூசியாக, பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கையில் மூன்று கீறல். அழவில்லை.

"பத்தரைதானே?" என்று வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"ராகு காலமே உங்களுக்குத்தான் வேலை செய்யுது" என்றார் அவர்.

பத்து முப்பத்திரண்டுக்குக் கிளம்பினோம். பூனை வேலூர் வரைக்கும் கத்தியது. வண்டிக்காரர் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டார். சாலையிலிருந்து ஆற்று மணல் தெரிந்த இடத்தில் குழந்தை கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வண்டி நிற்காமல் போயிற்று. மணல் மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் ஒரு கையை எடுத்தாள். வேலூரில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தெற்கே திரும்பினோம். கணியம்பாடி வீட்டில் இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது.

உள்ளறையில் பூனையை விட்டுக் கதவைச் சாத்தினோம். உடைந்த சட்டியில் மணல், ஒரு மூலையில் தண்ணீர், இன்னொரு மூலையில் அந்தப் பழைய கோணியை வாய் பிரித்து விரித்திருந்தேன். இரண்டு நாள் அது சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் தின்றது. எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பியதும், கதவைத் திறக்கலாம் என்றேன்.

"திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

வந்துவிடும் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"தெரியாது. வரலாம். வராமலும் போகலாம். வரலைன்னா நாம ரெண்டு பேரும் மேல்விஷாரம் போய்ப் பார்க்கலாம். எப்பவும் பூட்டி வைக்க முடியாது."

"அப்போ நாளைக்கு" என்றாள். சரி என்றேன். திங்கட்கிழமையும் நாளைக்கு என்றாள். அதற்கும் சரி என்றேன். சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, நான் கேட்காமலே, அவளே எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். பூனை வாசற்படியில் நின்று நான்கு பக்கமும் மோந்தது. பிறகு வேலி ஓரமாக நடந்து, அடுத்த வீட்டு வைக்கோற்போர் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. குழந்தை பின்னால் ஓடவில்லை.

நான் சீமெண்ணெய் வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் மனைவியிடம் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பும்போது வேலியோரம், வைக்கோற்போர், கூரை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். பூனை எங்கும் இல்லை. குழந்தை கூடத்தில் உட்கார்ந்து பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சு பெரிம்மா. பால் குடிச்சிட்டு மறுபடி போச்சு" என்று பலகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

பூனைக்கென்று வாசற்படியில் பால் ஊற்றி வைத்திருந்த சட்டி காலியாக இருந்தது. பாலை எந்தப் பூனையும் குடித்திருக்கலாம். வீட்டுக்காரர் மனைவியிடம் கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. நாட்குறிப்பை எடுத்து, ஏழு இருபதுக்குப் பூனை வெளியே போனது என்பதற்குக் கீழே, திரும்பி வந்தது என்று எழுதினேன்.