விருதுக்கு ஆறு ஆட்டம் இருக்கையில்

கிளென் ஸ்டகோவியாக் பதினேழு வருஷம் எங்கள் பேஸ்பால் அணியில் இருந்தான். ஒரு ஆட்டத்தில்கூட ஆடியதில்லை. பிட்சர்கள் களத்தில் இறங்குமுன் வேலிக்குப் பின்னால் பந்தெறிந்து கையைச் சூடேற்றிக்கொள்வார்கள். எதிரே குந்தி உட்கார்ந்து அந்தப் பந்துகளைப் பிடிப்பது அவன் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பந்தாவது வரும். நான் அதே அணியின் உடுப்பறையில் சட்டை துவைத்து மடித்துக்கொண்டிருந்தவன். எங்கள் பழக்கம் அங்கே ஆரம்பித்ததுதான்.

அணியில் வேலை பார்ப்பவர்கள் யாரும் பேஸ்பாலில் பந்தயம் கட்டக் கூடாது, உள்ளே தெரிந்துகொண்டதை வெளியே சொல்லவும் கூடாது. உடுப்பறைக் கதவிலேயே அதை ஒட்டியிருப்பார்கள். எங்களில் பலர் அதைப் படித்ததே இல்லை. கிளென் படித்திருந்தான். வீட்டில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவான் என்பாள் அவன் மனைவி மார்லீன்.

மார்லீனின் தம்பி டுவேன் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டுவான். அந்த வருஷம் மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டுவேன் கிளெனின் வீங்கிப்போன இடது கை விரல்களைப் பார்த்தான்.

"என்ன மச்சான் இது, விரலா, சாசேஜா?"

"வேலைன்னா அப்படித்தான் இருக்கும்."

"எவன் பந்து?"

கிளென் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தான். யோசிக்காமல், "ரென்ஃப்ரோ," என்றான்.

பிடிக்கிறவன் விரலே வீங்குகிறதென்றால் பந்து இந்த வருஷம் எப்படி வருகிறது என்று டுவேன் கணக்குப் போட்டுக்கொண்டான்.

டோபியாஸ் ரென்ஃப்ரோ ஓக்லஹோமாக்காரன், வயது இருபத்தாறு. போன வருஷம் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆண்டின் சிறந்த பிட்சர் விருதுக்கு அவன் பெயரை யாரும் நினைக்கவில்லை. அதனால் விருது அவனுக்கு என்று கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு அறுபது கிடைக்கும். தேவாலயத்தைவிட்டு வெளியே வந்ததும் காருக்குள் உட்கார்ந்தபடியே டுவேன் போனில் கட்டிவிட்டான்.

ஜூன் மாதம் ரென்ஃப்ரோவின் பந்தை யாராலும் அடிக்க முடியவில்லை. ஜூலையில் பேப்பர்காரர்கள் விருது அவனுக்கே என்று எழுதினார்கள். டுவேனால் வாயை அடக்க முடியவில்லை. அக்காவின் சமையலறையில் வந்து நின்று கொட்டிவிட்டான்.

"ஒண்ணுக்கு அறுபது, அக்கா! துப்பு குடுத்தது யாரு தெரியுமா? உன் வீட்டுக்காரரோட விரல்!"

கிளென் தட்டைத் தள்ளிவைத்தான். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடா."

"நீ என்ன சொன்ன மச்சான்? ஒரு பேரு சொன்ன. பேரு சொன்னா குத்தமா?"

அன்றைக்கே போய் மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்னால் என்னிடம் அவனே அதை ஒத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் கடைசியில் ரென்ஃப்ரோவின் பந்து கையுறையில் விழும் சத்தம் மாறியது. வேகம் அளக்கும் கருவி பழைய எண்ணையே காட்டியது. ரென்ஃப்ரோ அன்றைக்கும் ஜெயித்தான். ஆனாலும் பந்து கடைசி ஒரு முழத்தில் செத்து வருகிறது என்று கிளெனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் தனியாகக் கேட்டான்.

"டோபி, முழங்கை எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"எங்கிட்டயேவா?"

ரென்ஃப்ரோ சுற்றுமுற்றும் பார்த்தான். "இன்னும் ஆறு ஆட்டம்ண்ணே. ஆறே ஆறு. விருது வந்துட்டா அப்புறம் கையைக் கழட்டியே வச்சுக்கட்டும். வாயைத் தொறந்துடாதீங்க, ப்ளீஸ்."

கிளென் இரண்டு நாள் சும்மா இருந்தான். பையன் கெஞ்சியதற்காகச் சும்மா இருக்கிறோமா, மச்சினன் பந்தயத்துக்காகவா என்று அவனுக்கே பிடிபடவில்லை. மூன்றாம் நாள் காலை மேலாளர் அறைக்குப் போனான். நான் அங்கே துவைத்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ரென்ஃப்ரோவோட முழங்கையைப் பாக்கச் சொல்லுங்க சார். இன்னொண்ணு. அவன் மேல என் மச்சினன் பந்தயம் கட்டியிருக்கான். பேரு என் வாயிலேர்ந்துதான் போச்சு. அதையும் எழுதிக்குங்க."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டாவதை யாருப்பா உங்கிட்ட கேட்டா?"

"யாரும் கேக்கலை சார்."

ஸ்கேனில் தசைநார் கிழிய ஆரம்பித்திருந்தது தெரிந்தது. இன்னும் இரண்டு மூன்று ஆட்டம் ஆடியிருந்தால் முழுக்க அறுந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது கத்தி வைக்க வேண்டாம், ஐந்து மாதம் ஓய்வு போதும். ரென்ஃப்ரோ தன் அலமாரியைக் காலிசெய்துகொண்டு போனான். கிளென் பக்கம் திரும்பவே இல்லை. நவம்பரில் விருது வேறொருவனுக்குப் போனது. ரென்ஃப்ரோவுக்கு மூன்றாம் இடம்.

டுவேன் போன் செய்து கத்தினான். "அறுபது மடங்கு மச்சான்! ஆறு ஆட்டம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா உன்னால?"

மார்லீன் போனைப் பிடுங்கினாள். "அந்தாளு மார்ச்சுல மூடியிருக்கணும்டா. நீ வை போனை!"

அந்த வருஷம் நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு டுவேன் வரவில்லை.

விசாரணை நடந்தது. கிளெனைச் சீசன் முடியும்வரை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்கு அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது ஒரு கடையில் பெயிண்ட் கலந்து கொடுக்கிறான். மே மாதம் ரென்ஃப்ரோ திரும்பி வந்து நன்றாக எறிந்தான். ஆட்டம் பார்த்தாயா என்று கிளெனிடம் கேட்டேன். "பாத்தேன். எறியறப்ப தோளை இன்னமும் கொஞ்சம் சீக்கிரமாத் திருப்பிடுறான்," என்றான்.

அதற்கு முன்பே, ஈஸ்டர் அன்றைக்கு, டுவேன் கையில் ஒரு கேக்கோடு வந்து வாசலில் நின்றான். யாரும் எதையும் கிளறவில்லை. சாப்பிட்டுவிட்டு மச்சானும் மச்சினனும் கார் டயர் விலையைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

ரென்ஃப்ரோவிடமிருந்து இதுவரை போன் வரவில்லை. கிளென் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் மார்லீனோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறான். கல்யாணமான பிறகு கோடையில் அவனுக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடைப்பது இதுதான் முதல் தடவை.